பேனல் மேல் மோர்மிளகாய்: சோலாரின் எதிர்பாராத வேலைகள்

கேள்வி இதுதான்: மாடியில் பேனல், தெருவிளக்கு, வாட்டர் ஹீட்டர், இந்த மூன்றையும் விட்டுவிட்டால் சோலாரை வைத்து யாரும் எதிர்பார்க்காத மாதிரி என்னதான் செய்திருக்கிறார்கள்?

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் சோலார் தொப்பி, சோலார் பை, சோலார் மொபைல் சார்ஜர் என்று பொம்மைக் கடை மாதிரி இருக்கும். நான் பல வருடங்களாக சோலார் பம்ப் மாட்டிக்கொண்டிருப்பவன், பெரும்பாலும் திருப்பூர், கோவை பக்கத்துத் தோட்டங்களில். அதனால் என் பதில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், சொல்லிவிடுகிறேன்.

நான் பார்த்த முதல் எதிர்பாராத பயன்பாடு ஒரு மலைக் கிராமத்தில். வீட்டுக்கு ஒரு பேனல், ஒரு பேட்டரி, இரண்டு பல்பு என்று கொடுத்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனால் பாதி வீட்டில் விளக்கு எரியவில்லை. ஒரு பாட்டி பேனலைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து, அதன் மேல் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தார். பேனலுக்கு ஒன்றுமே ஆகவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தேன், வோல்ட் முழுதாக வந்தது. செத்தது பேட்டரி. புதுசு வாங்கக் காசு இல்லை, வாங்கினாலும் கீழேயிருந்து சுமந்து வர ஆள் இல்லை. பேனல் 25 வருடம் உழைக்கும், சாதாரண லெட் ஆசிட் பேட்டரி நாலைந்து வருடம் தாண்டினாலே பெரிய விஷயம். லித்தியம் வந்த பிறகு நிலைமை தேவலை என்றாலும், விலையைக் கேட்டால் தெரியும்.

அன்றிலிருந்து யார் புதுசாக ஒரு சோலார் யோசனை சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: ராத்திரிக்கு என்ன செய்வாய்? இந்தக் கேள்விக்கு பேட்டரி என்று சொல்லாமல் வேறு பதில் சொன்னவர்கள்தான் என் கணக்கில் உண்மையான கெட்டிக்காரர்கள். கரண்டைச் சேர்த்து வைக்காமல், தண்ணீராக, ஐஸாக, நீராவியாக, சூடான இரும்பாகச் சேர்த்து வைத்தவர்கள்.

முதலில் தடுப்பூசி ஃபிரிட்ஜ். தடுப்பு மருந்தை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடானாலும் வீண், பல மருந்துகள் உறைந்துபோனாலும் வீண். கரண்ட் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஆரம்பத்தில் பேட்டரி வைத்த சோலார் ஃபிரிட்ஜ்தான் அனுப்பினார்கள், ஆப்பிரிக்காவில் இந்தக் கதை எங்கெல்லாமோ நடந்தது. நம்ம பாட்டி வீட்டுக் கதைதான் அங்கேயும்: பேட்டரி போகும், ஃபிரிட்ஜ் அலமாரியாகிவிடும். அப்புறம்தான் பேட்டரியையே தூக்கி எறிந்துவிட்டு பேனலை நேராக கம்ப்ரசரில் கோர்க்கிற மாடல் வந்தது. பகல் முழுக்க அது உள்சுவரில் ஐஸ் கட்டிக்கொண்டே இருக்கும். சூரியன் போனபின் அந்த ஐஸ் மெதுவாக உருகி உள்ளே குளிர்ச்சியைக் காக்கும், மேகமூட்டமான மூன்று நாளைக்குக்கூடத் தாங்குகிற மாதிரி செய்கிறார்கள்.

இதில் வேல்ஸ் நாட்டு ஷூர்சில் நிறுவனம் செய்த வேலை ரொம்ப அழகு. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்போம். அவர்கள் மருந்து வைக்கும் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பி, ஐஸை மேல்பக்கம் கட்டவைத்தார்கள். 4 டிகிரித் தண்ணீர் கனமானது, தானாகக் கீழே இறங்கி மருந்தைச் சுற்றி நிற்கும். அதைவிடக் குளிர்ந்ததும் சூடானதும் மேலே போய்விடும். எந்த சென்சாரும் இல்லாமல் மருந்து எப்போதும் 4 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. எனக்குத் தெரிந்து சோலார் துறையில் இதைவிடச் சுத்தமான யோசனை குறைவு.

அடுத்தது சமையல், அதாவது ஊருக்கே சமைப்பது. ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்றே ஒரு கட்டடம் இருக்கிறது, ஒருநாளைக்கு ஆயிரம் பேர் அளவுக்குச் சாப்பாடு. மொட்டைமாடியில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம் கட்டினார்கள், உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். அவ்வளவு பெரிய கிண்ணத்தைச் சூரியன் பின்னாலேயே திருப்ப முடியாது இல்லையா, அதனால் கிண்ணம் அசையாது. வெளிச்சம் குவிகிற இடம்தான் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே போகும், அந்த இடத்தைத் துரத்திக்கொண்டு தண்ணீர்க் குழாய் உள்ள ஒரு நீண்ட கை திரும்பும். அதில் வரும் நீராவி கீழே சமையலறைக்குப் போகும்.

ஷெஃப்லர் என்பவர் இதையே தலைகீழாகச் செய்தார். அவருடைய கண்ணாடித் தட்டுகள் திரும்பும், வெளிச்சம் குவியும் இடம் அசையாது. நம்ம ஊர்க் கோயில்களுக்கு இதுதான் ஒத்துவந்தது. திருமலையில் 2002-இல் 106 தட்டுகள், ஷீரடியில் 2009-இல் 73 தட்டுகள், இரண்டும் அன்னதானத்துக்குத்தான். சோறு வேகவைக்கச் சூடுதான் தேவை. அதற்குப் பேனல் வைத்துக் கரண்டாக்கி, அந்தக் கரண்டைத் திரும்பச் சூடாக்குவது சுற்றிவளைத்து மூக்கைத் தொடுகிற வேலை. பேனல் தன் மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும், கண்ணாடித் தட்டு அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சூடாகவே கொடுத்துவிடும்.

இதன் உச்சம் ராஜஸ்தானில் ஆபு ரோடு அருகே பிரம்மகுமாரிகள் கட்டிய இந்தியா ஒன் நிலையம். 770 தட்டுகள், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர். ஒவ்வொரு தட்டின் குவியத்திலும் டன் கணக்கில் வார்ப்பிரும்பு. பகலெல்லாம் அந்த இரும்பு காய்ந்து கிடக்கும், ராத்திரி அதற்குள் தண்ணீரை விட்டால் நீராவி, அதில் டர்பைன் சுற்றும். பழைய காலத்தில் குளிருக்கு செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைப்பார்களே, அதேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

உப்பளத்துக்கு வருவோம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச ஆசை. இந்தியாவின் உப்பில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு குஜராத்திலிருந்து வருகிறது. அதில் பெரும் பகுதி கடலோரத்தில் எடுப்பது, ஆனால் சின்ன ரண் ஆஃப் கட்ச் என்ற வறண்ட சமவெளியில் எடுக்கும் கதை வேறு. அங்கே கடல் பக்கத்தில் இல்லை. தரைக்கடியில் இருக்கும் உப்புநீரை மேலே இறைத்துப் பாத்தியில் விட்டு, 25 டிகிரிக்கு ஏறும்வரை காயவைத்து உப்பு எடுப்பார்கள். (இந்த டிகிரி வெப்பம் இல்லை, நீரின் அடர்த்தி. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) அகரியாக்கள் என்ற சமூகத்தவர் மழை முடிந்ததும் குடும்பத்தோடு உள்ளே போய் ஏழெட்டு மாதம் அந்த வெட்டவெளியிலேயே குடிசை போட்டு இருப்பார்கள்.

உப்பைக் காயவைப்பது சூரியன், இலவசம். ஆனால் உப்புநீரை இறைப்பது டீசல் என்ஜின். டீசலுக்கு வியாபாரியிடம் முன்பணம், அந்தக் கடனுக்காக அவர் சொல்லும் விலைக்கே உப்பைக் கொடுக்க வேண்டும், பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம். செலவில் பெரிய பங்கு டீசல்தான். சேவா என்ற பெண்கள் அமைப்பு இவர்களுக்கு சோலார் பம்ப் வாங்கக் கடன் ஏற்பாடு செய்தது, அப்புறம் குஜராத் அரசும் மானியம் கொடுத்தது. வெயில் அடித்தால் பம்பு ஓடுகிறது, அதே வெயிலில் பாத்தி காய்கிறது. வெயில் குறைந்தால் இரண்டும் சேர்ந்து குறைகிறது! இவ்வளவு பொருத்தமான ஜோடி வேறெங்கும் கிடைக்காது. பேட்டரி பேச்சுக்கே இடமில்லை. ஒரே தொல்லை, மழைக்காலத்தில் ரண் முழுக்க நீரில் மூழ்கிவிடும், அதற்குள் பேனல்களைக் கழற்றி ஊருக்குக் கொண்டுவர வேண்டும். நாலைந்து மாதம் அத்தனை பேனலும் சும்மா கிடக்கும்.

பேட்டரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் ஆதித்யா படகில் பேட்டரி இருக்கிறது. 75 பேர் போகலாம், கூரையில் 20 கிலோவாட் பேனல், 50 யூனிட் அளவுக்கு பேட்டரி. ஆனால் அது கெட்டியாக யோசித்துச் செய்த படகு. கொச்சியில் நவால்ட் நிறுவனம் ஏற்கெனவே இருந்த டீசல் படகில் பேனலை ஒட்டவைக்காமல், இழுவை குறைவான இரட்டை உடல் படகாகப் புதிதாக வடிவமைத்தது. இறங்கி ஏறும் நேரம், கரையில் நிற்கும் நேரம், வேம்பநாட்டுக் காயலில் எவ்வளவு வேகம் போதும் என்று எல்லாம் கணக்குப் போட்டு, அதற்குத் தேவையான அளவு மட்டும் பேட்டரி. ஓடுவதும் பெரும்பாலும் பகலில். சோலார் பஸ், சோலார் கார் என்று அலைபவர்களுக்கு இந்தப் படகைக் காட்டுவேன்: கூரை பெரிது, வேகம் குறைவு, பாதை நிலையானது. கார் இந்த மூன்றிலும் அடிபடும்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரின் இஸ்திரி வண்டியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசியவர். தெருமுனையில் கரிப்பெட்டியை ஊதி ஊதி நாள் முழுக்கப் புகை குடிப்பவருக்கு இது நல்ல யோசனை. பொறியியலாகப் பார்த்தால் சிரமமானது, ஏனென்றால் இஸ்திரிப் பெட்டி கரண்டைக் குடிக்கிற சாமான், வண்டிக்கூரையோ சிறியது.

இப்போது வேறு ஒரு வகை. பேனல் கரண்டும் கொடுக்கும், நிழலும் கொடுக்கும். நிழலைக் காசாக்க முடியுமா?

குஜராத்தில் மேசானா மாவட்டம் சந்த்ராசன் கிராமத்தில் 2012-இல் நர்மதா கிளைக் கால்வாயின் மேல் 750 மீட்டர் நீளத்துக்குப் பேனல் போட்டார்கள், 1 மெகாவாட். நிலம் மிச்சம், வருடத்துக்கு 90 லட்சம் லிட்டர் தண்ணீர் ஆவியாகாமல் மிச்சம், கீழே தண்ணீர் ஓடுவதால் பேனலும் குளிர்ச்சி. பேனல் ஒரு டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் உற்பத்தி குறையும், சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும் என்பதால் இது சும்மா விஷயம் இல்லை. ஆனால் இரண்டு கரையையும் தொடுகிற இரும்புச் சட்டத்துக்கு ஆகும் செலவு இருக்கிறதே! கால்வாய் வளைந்தால் பேனல் திசை மாறும், தூர்வாரக் குறுக்கே சட்டம் நிற்கும். தரையில் போட இடம் உள்ள ஊரில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மிதக்கவிடுவது அதைவிடச் சுலபம். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஃபார் நியென்டே என்ற ஒயின் தோட்டக்காரர்கள் 2008-இல் தங்கள் குளத்தில் பேனலை மிதக்கவிட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், திராட்சை விளையும் நிலம் பொன் விலை. நம்ம தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 2022-இல் 25 மெகாவாட் மிதக்கவிட்டார்கள். தண்ணீருக்குத் திண்டாடுகிற ஊரில் ஆவியாதல் குறைவதும் ஒரு வரவுதான்.

பயிருக்கு மேல் பேனல் போடுவதுதான் நிழல் வியாபாரத்தில் சுவையானது. அரிசோனாவில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பேனல் நிழலில் வளர்ந்த சில்டெபின் என்ற காட்டு மிளகாய் வெட்டவெளியில் வளர்ந்ததைவிட மூன்று மடங்கு காய்த்தது, தக்காளி இரண்டு மடங்கு. செடிகள் வெளிவிடும் ஈரத்தால் பேனலும் பகலில் 9 டிகிரி வரை குளிர்ச்சியாக இருந்தது. பாலைவன வெயில் என்பதால் அப்படி, நிழல் செடிக்கு வரம். இதைப் படித்துவிட்டு நெல் வயலில் பேனல் போடலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். வேண்டாம். கொச்சி விமான நிலையத்தில் பேனல் வரிசைகளுக்கு நடுவே காய்கறி போடுகிறார்கள், பேனல் கழுவுகிற தண்ணீரே பாசனம். அந்த அளவில் தொடங்குங்கள்.

சொதப்பலையும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் நார்மண்டியில் 2016 டிசம்பரில் ஒரு கிலோமீட்டர் சாலையையே பேனலால் போட்டார்கள், செலவு 50 லட்சம் யூரோ. பேனலை வெயிலைப் பார்க்கச் சாய்த்து வைக்க வேண்டும், இவர்கள் படுக்கவைத்தார்கள். நிழல் விழக் கூடாது, இவர்கள் மேலே லாரி விட்டார்கள். இலை விழுந்து நசுங்கி ஒட்டியது, மூட்டுகள் பிய்ந்தன, டயர் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள், கரண்ட் எதிர்பார்த்ததில் பாதி. மூன்று வருடத்துக்குள் கைகழுவினார்கள். பக்கத்து வயலில் நட்டிருந்தால் ஒழுங்காக ஓடியிருக்கும்.

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பேனல் விலை விழுந்து விழுந்து இப்போது வீட்டு வேலியாகவே நடுகிறார்கள், மரவேலி போட ஆகும் செலவில் பேனல் வேலி வருகிறதாம். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் கரண்ட் எடுக்கும் பேனலைக் கிழக்கு மேற்காகப் பார்க்கும்படி செங்குத்தாக நட்டால், காலையிலும் சாயங்காலமும் நன்றாகக் கரண்ட் வரும், எல்லோர் வீட்டு மாடிப் பேனலும் மங்கியிருக்கும் நேரத்தில்.

வேலி என்றதும் யானை ஞாபகம் வருகிறது. சத்தியமங்கலம், கூடலூர் பக்கம் சோலார் மின்வேலி புதுசில்லை. நொடிக்கு ஒருமுறை சுருக்கென்று ஒரு துடிப்பு, உயிருக்கு ஆபத்தில்லாமல் பயமுறுத்தி அனுப்பும். மெயின் கரண்டைத் திருட்டுத்தனமாகக் கம்பியில் விடுவதுதான் கொலை, 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. இந்த வேலிக்குப் பேட்டரி இல்லாமல் முடியாது, யானை ராத்திரிதானே வரும். அதுவும் சில கொம்பன்கள் தந்தத்தில் ஷாக் அடிக்காது என்று கண்டுபிடித்துவைத்திருக்கின்றன. தந்தத்தால் கம்பியைத் தூக்கி அறுக்கும், இல்லாவிட்டால் ஒரு மரத்தைச் சாய்த்து வேலி மேல் போட்டுவிட்டு நடந்து வரும்.

கடைசியாக, என்னைத் தூக்கிவாரிப்போட்ட பயன்பாடு. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணம், அபின் விளைகிற ஊர். அங்கே அரசு மானியம் இல்லை, கரண்ட் லைன் இல்லை, எந்தத் தொண்டு நிறுவனமும் போய் விளக்கவில்லை. 2013 வாக்கில் ஒரு விவசாயி பேனல் வாங்கி போர்வெல்லில் மாட்டினார். அடுத்தவர் பார்த்தார், அவருக்கடுத்தவர் பார்த்தார். 2019-இல் செயற்கைக்கோள் படத்தில் எண்ணியபோது ஹெல்மண்ட் பள்ளத்தாக்கில் மட்டும் 67,000 இடங்களில் பேனல் தெரிந்தது. கலப்பட டீசலோடு மல்லுக்கட்டிய காலம் போய், லஷ்கர்கா சந்தையில் பேனல் அடுக்கடுக்காக விற்றது. பாலைவனம் பச்சையானது, பச்சை என்றால் அபின் எடுக்கும் கசகசாச் செடி. 2022-இல் தாலிபான்கள் தடை போடும்வரை உலகத்தின் அபினில் ஒரு பெரும் பங்கு இப்படி வெயிலில் இறைத்த தண்ணீரில்தான் வளர்ந்தது.

அங்கே நிலத்தடி நீர் வருடத்துக்கு 3 மீட்டர் இறங்குவதாக அப்போது மதிப்பிட்டார்கள். டீசலுக்குக் காசு கொடுக்கும்போது தண்ணீர் போதும் என்றதும் என்ஜினை நிறுத்துவார்கள். வெயிலுக்கு யார் நிறுத்துவார்கள்? நான் மாட்டிய ஒரு 5 எச்பி பம்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். பேனலுக்குக் கீழே நின்று, வெயிலுக்குத் தக்கபடி மோட்டார் வேகத்தை மாற்றும் கண்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், மேகம் கடந்தால் 48 ஹெர்ட்ஸ் 30-க்கு இறங்கும், மேகம் விலகினால் ஏறும், குழாயில் தண்ணீரும் கூடவே மூச்சு வாங்கும். தென்னைக்குப் பாய்ந்து முடிந்து தொட்டி வழிந்து வாய்க்காலில் ஓடியது. நிறுத்திவிடலாமே ஐயா என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். "எதுக்குங்க தம்பி நிறுத்தோணும்? கரண்டு பில்லா வருது?" என்றார். அவர் போர் ஏற்கெனவே 700 அடி.

இதற்கு நான் பார்த்ததில் சரியான பதில் குஜராத் கேடா மாவட்டத்து தூண்டி கிராமம். 2016 வாக்கில் ஆறு விவசாயிகள் சேர்ந்து ஒரு சோலார் பம்பு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் உதவியது. பாசனம் முடிந்தபின் மிச்சக் கரண்டை மின்வாரியக் கம்பிக்கே அனுப்பிவிடுவார்கள், அப்போது யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. தண்ணீரை மிச்சப்படுத்தியதற்கு நிறுவனம் தனியாக ஊக்கத்தொகையும் கொடுத்தது. மோட்டார் ஓடினால் அந்தக் காசு போகும் என்று தெரிந்ததும் தேவைக்கு மேல் இறைக்க மனசு வரவில்லை.

நம்ம ஊரில் எல்லாத் தோட்டத்துக்கும் லைன் அப்படிக் கிடைக்காது. சோலார் பம்ப் வாங்கப் போகிறவர்கள் வெறும் பம்ப் கண்ட்ரோலருக்குப் பதில் யூனிவர்சல் சோலார் பம்ப் கண்ட்ரோலர் இருக்கிறதா என்று கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும். பம்பு நிற்கும் நேரத்தில் அதே பேனலில் தட்டை வெட்டும் மிஷின், மாவு மிஷின், சின்னக் குளிர்பதன அறை வரை ஓட்டலாம். அந்த ஐயா வீட்டில் இப்போது தட்டை வெட்டும் மிஷின் அதில்தான் ஓடுகிறது, மாட்டுக்குத் தீவனம் போட்டு முடித்தபின் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சோளத்தட்டைக் கொண்டுவந்து வெட்டிக்கொண்டு போகிறார்.